விலையில் கூடுவதா, கொள்முதலில் கூடுவதா?

கொழும்பின் மொத்த வியாபாரச் சந்தையான புறக்கோட்டையில் பருப்பும் கடலையும் செத்தல் மிளகாயும் இறக்குமதி செய்யும் நடுத்தர வியாபாரிகள் சிலர் சேர்ந்து பேசினால், பேச்சு கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். நாம் ஏன் ஒருவர் விலையை ஒருவர் வெட்டிக்கொண்டு கிடக்க வேண்டும், ஒன்றாக நின்றால் என்ன? 2022இல் டொலர் சில வாரங்களில் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியதையும், வங்கிகள் இறக்குமதிக்கான கடன் கடிதம் திறக்க மறுத்ததையும் அனுபவித்தவர்களிடமிருந்து இந்தக் கேள்வி வருவது இயல்பானது. அதற்குப் பொறுப்பான பதிலைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒன்றாக நிற்பது என்ற பேச்சுக்குள் நான்கு வெவ்வேறு காரியங்கள் இருக்கின்றன. விற்பனை விலையையோ சரக்கின் அளவையோ பேசி முடிவுசெய்வது ஒன்று. பொருளியலில் கார்ட்டெல் எனப்படுவது இதுதான். மற்றவர்களை அப்படிக் கூடவிட்டுத் தான் மட்டும் வெளியே நிற்பது இரண்டாவது. கடைகளை ஒரே கம்பனியாக இணைப்பது மூன்றாவது. விற்பனையைத் தனித்தனியே வைத்துக்கொண்டு கொள்முதலை மட்டும் சேர்ந்து செய்வது நான்காவது. இவற்றை ஒப்பிடும்போது பெரும்பாலானோர் உள்ளே இருப்பவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மட்டுமே பார்க்கிறார்கள். வெளியே இருப்பவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். கூட்டு நிலைக்குமா உடையுமா என்பதை அந்தத் தொகைதான் தீர்மானிக்கிறது.

விளக்கத்துக்காக நான்காம் குறுக்குத் தெருவில் ஒரே அளவான ஐந்து கடைகள் மைசூர் பருப்பு இறக்குமதி செய்வதாக வைத்துக்கொள்வோம். சந்தையில் சரக்கே இல்லாத நிலையில் கிலோவுக்கு 60 ரூபாவரை இலாபம் வைக்க முடியும். வாரத்துக்கு ஒரு தொன் கூடுதலாக வரும்போதெல்லாம் அந்த இலாபம் ஒரு ரூபா இறங்குகிறது. அவுஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ முன்கூட்டியே ஓர்டர் கொடுத்துவிடுவதால், கொள்கலன் கொழும்புத் துறைமுகத்துக்கு வரும்போது அளவு முடிவாகிவிட்டது. விலை அதற்கேற்ப அமைகிறது. ஆகவே மற்றவர்கள் எவ்வளவு இறக்குவார்கள் என்று கணித்து ஒவ்வொருவரும் தன் அளவைத் தீர்மானிக்கிறார் எனலாம். 1838இல் கூர்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் போட்ட கணக்கு இது. அதன்படி தலைக்கு 10 தொன், கிலோவுக்கு 10 ரூபா இலாபம், வாரத்துக்கு 1 இலட்சம் ரூபா. தனித்தனியே நின்றால் கிடைப்பது இவ்வளவு.

இனி ஐவரும் கூடித் தலைக்கு 6 தொன்னுக்கு மேல் இறக்குவதில்லை என்று முடிவெடுக்கிறார்கள். மொத்தம் 30 தொன், இலாபம் கிலோவுக்கு 30 ரூபா. ஒவ்வொருவருக்கும் வாரம் 1.8 இலட்சம். ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதால் ஆசை வருவதில் வியப்பில்லை.

அடுத்த வாரம் ஒருவர் விலகிக்கொள்கிறார் என்று வையுங்கள். மீதி நால்வரும் கூட்டைக் கலைக்காமல் ஒரே கடைபோல இயங்குகிறார்கள். இப்போது சந்தையில் உண்மையில் இரண்டு பேர்தான்: நால்வர் கூட்டு 20 தொன், விலகியவர் 20 தொன். இலாபம் கிலோவுக்கு 20 ரூபா. விலகியவருக்கு 4 இலட்சம். நால்வருக்கும் சேர்த்து 4 இலட்சம், தலைக்கு 1 இலட்சம். அந்த நால்வரில் இன்னொருவரும் விலகினால் அவருக்கு 2.25 இலட்சம், எஞ்சிய மூவருக்குத் தலைக்கு 75 ஆயிரம். மூவரில் ஒருவர் போனால் அவருக்கு 1.44 இலட்சம், மீதி இருவருக்குத் தலைக்கு 72 ஆயிரம். அந்த இருவருக்கும் கலைந்து 1 இலட்சம் பெறுவதே மேல். எந்தப் படியிலும் விலகுபவரே முந்துகிறார்.

ஒரு கார்ட்டெல் நிலையானது என்று சொல்ல இரண்டு நிபந்தனைகள் வேண்டும் என்று 1983இல் தஸ்ப்ரெமோனும் அவருடைய சகாக்களும் வரையறுத்தார்கள். உள்ளே இருப்பவர் எவருக்கும் வெளியேற ஆசை வரக்கூடாது. வெளியே இருப்பவர் எவருக்கும் உள்ளே வர ஆசை வரக்கூடாது. கூட்டு ஒரு விலையை நிர்ணயிக்க, வெளியிலுள்ள சிறியவர்கள் அந்த விலையைப் பின்பற்றும் சந்தையில் இரண்டையும் நிறைவுசெய்யும் ஒரு கூட்டு எப்போதும் இருக்கும் என்று அவர்கள் காட்டினார்கள். நம் ஐந்து கடைக் கணக்கில் அப்படிப்பட்ட கூட்டு ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் உலகில் கார்ட்டெல்கள் எப்படி நிலைத்தன? ஹார்ட், குர்ஸ் என்ற இருவர் அதே 1983இல் எழுப்பிய கேள்வியில் பதிலின் பாதி இருக்கிறது. ஒருவர் விலகினால் மீதிப் பேர் என்ன செய்வார்கள்? தொடர்ந்து ஒன்றாக நிற்பார்கள் என்று நம்பினால் விலகுவது இலாபம்: 1.8 இலட்சத்தை விட்டு 4 இலட்சத்துக்குப் போகலாம். ஒருவர் போனால் கூட்டே கலைந்துவிடும் என்று நம்பினால் விலகியவருக்கு 1 இலட்சம்தான், அவர் அசையமாட்டார். இந்த ஐந்து கடைகளில் மீதி நால்வருக்கும் சேர்ந்து நின்றாலும் தலைக்கு 1 இலட்சம், கலைந்தாலும் தலைக்கு 1 இலட்சம். பணக் கணக்கு அவர்களை எந்தப் பக்கமும் தள்ளவில்லை. ஆகவே ஐவர் கூட்டின் உயிர் மீதி நால்வருடைய மனநிலையில் தொங்குகிறது. அவர்கள் பொறுமைசாலிகள் என்று தெரிந்தால் யாராவது விலகுவார். கோபக்காரர்கள் என்று தெரிந்தால் எவரும் விலகமாட்டார். பொறுமை கூட்டைக் குலைக்கும், கோபம் காக்கும் என்ற இந்த முடிவை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். நல்ல மனிதர்கள் கூடினால் கூட்டு நிலைக்கும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை.

வெளிப்படையாக விலகுவதைவிட மோசமானது உள்ளே இருந்துகொண்டே ஏய்ப்பது. மற்ற நால்வரும் 6 தொன்னில் நிற்க, ஒருவர் மட்டும் இரகசியமாக 18 தொன் இறக்கினால் அவருக்கு அந்த வாரம் 3.24 இலட்சம், பேச்சைக் காத்திருந்தால் கிடைத்திருக்கும் தொகையைவிட 1.44 இலட்சம் அதிகம். அடுத்த வாரமே பிடிபட்டு எல்லோரும் பழைய போட்டிக்குத் திரும்பினால் வாரத்துக்கு 80 ஆயிரம் இழக்கிறார். இரண்டு வாரத்தில் திருடிய ஆதாயம் கரைந்துவிடும். ஆறு வாரம் மறைக்க முடிந்தால் 8.64 இலட்சம் கையில், அதைக் கரைக்கப் பதினொரு வாரம் வேண்டும். ஒரே ஆட்டம் முடிவின்றித் தொடர்ந்தால் தண்டனைப் பயமே ஒத்துழைப்பைக் காக்கும் என்று 1971இல் ஃபிரீட்மன் நிறுவினார். அந்தப் பயத்தின் அளவு எவ்வளவு விரைவில் பிடிபடுவோம் என்பதைப் பொறுத்தது. 1964இலேயே ஸ்டிக்லர் இதைத்தான் கார்ட்டெலின் மூலப் பிரச்சினை என்றார்.

புறக்கோட்டையில் அறிவித்த விலையை மறைக்க முடியாது. காலை பத்து மணிக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிடும். தவணையை மறைக்கலாம். அதே விலைக்குப் பில் போட்டு, 30 நாள் காசோலைக்குப் பதிலாக 60 நாள் காசோலையை வாங்கிக்கொண்டால் அது விலைக்குறைப்பேதான். வெளியூர்க் கடைக்கு லொறிக் கூலியைத் தானே ஏற்றுக்கொண்டாலும் அப்படியே. இதற்கு மேல் சந்தை தானாகவே ஆடுகிறது. இறக்குமதிப் பொருளுக்கு அரசு விதிக்கும் விசேட வியாபாரப் பண்ட அறவீடு ஒரே இரவில் வர்த்தமானியில் மாறலாம், ரூபாவின் பெறுமதி மாறலாம். விற்பனை படுத்ததற்கு யாரோ ஏய்த்தது காரணமா, சந்தை விழுந்தது காரணமா என்று தெரியாத நிலையில், ஏய்ப்பே நடக்காதபோதும் விலைப்போர் வெடிக்கும் என்று கிரீனும் போர்ட்டரும் 1984இல் காட்டினார்கள். கொழும்புச் சந்தைக்கு இவ்வளவு பொருந்தும் வேறொரு ஆய்வு எனக்குத் தெரியாது.

1990களில் லைசின் என்ற கால்நடைத் தீவனச் சேர்க்கையின் விலையை உலக அளவில் பேசிவைத்ததும் ஐந்து நிறுவனங்கள்தான்: ஓர் அமெரிக்க நிறுவனம், இரண்டு ஜப்பானிய நிறுவனங்கள், இரண்டு கொரிய நிறுவனங்கள். ஏய்ப்பைத் தடுக்க அவர்கள் விற்பனைக் கணக்கை ஒப்பிட்டார்கள். ஒதுக்கீட்டைத் தாண்டி விற்றவர் குறைவாக விற்றவரிடம் வருட முடிவில் சரக்கு வாங்கி ஈடுசெய்ய வேண்டும் என்றும் வைத்திருந்தார்கள். அவ்வளவு ஏற்பாடு இருந்தும் அமெரிக்க நிறுவனத்தின் அதிகாரி ஒருவரே அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. புலனாய்வாளர்களுக்காகக் கூட்டங்களைப் பதிவுசெய்தார். அந்த நிறுவனம் 1996இல் லைசினுக்கும் சிட்ரிக் அமிலத்துக்கும் சேர்த்து 10 கோடி டொலர் அபராதம் ஏற்றது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் போட்டியைக் கெடுக்கும் நடைமுறைகளை விசாரிக்கும் அதிகாரம் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு உண்டு. விலைப் பேச்சை ஒப்பந்தமாக எழுதி நீதிமன்றத்தில் காட்டவும் முடியாது. ஏமாற்றப்பட்டவர் போய் முறையிட இடமில்லை.

சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதை ஏற்கமாட்டேன். ஐவர் கார்ட்டெலில் பருப்பு கிலோவுக்கு 20 ரூபா ஏறுகிறது. 2022இல் கடைகளில் 100 கிராம் பருப்பு கேட்டு நின்றவர்களைக் கண்ட ஊர் இது. அந்த 20 ரூபா அவர்களிடமிருந்துதான் வரும்.

இரண்டாவது வழி, மற்றவர்கள் கூடட்டும், நான் வெளியே நிற்கிறேன் என்பது. 4 இலட்சத்தைப் பார்த்தால் இதுவே சிறந்தது போலத் தோன்றும். இலங்கைக்கு இந்த ஆட்டத்தில் நேரடி அனுபவம் உண்டு, ஆனால் ஏமாந்த பக்கத்தில். 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் மலாயாவும் இலங்கையும் இறப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. அன்று டச்சு ஆட்சியில் இருந்த இந்தோனேசியத் தீவுகள் சேரவில்லை. நம் தோட்டங்கள் பால் வெட்டுவதைக் குறைத்து விலையை ஏற்ற, ஏறிய விலையில் அங்கிருந்த சிறு பயிர்ச்செய்கையாளர்கள் உற்பத்தியைப் பெருக்கினார்கள். விலை 1925இல் உச்சிக்குப் போய்ப் பின்னர் சரிந்தது; 1928 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. பாடம் கற்றுக்கொண்டதால்தான் 1933இன் சர்வதேசத் தேயிலை உடன்படிக்கையில் இந்தியா, இலங்கை, டச்சுத் தீவுகள் மூன்றும் சேர்ந்தே கையெழுத்திட்டன. 1934இன் இறப்பர் உடன்படிக்கையிலும் டச்சுத் தீவுகள் உள்ளே வந்தன. அங்கே ஏற்றுமதி அளவைச் சுங்கத்தில் எண்ணிப் பார்க்க அரசாங்கங்கள் இருந்தன. ஐந்து பருப்புக் கடைகளுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. வெளியே நிற்பதன் சிக்கல் வேறு: ஐவரும் அதே கணக்கைப் போடுவார்கள், எல்லோரும் வெளியே நின்றால் கூட்டே கிடையாது. அது ஒரு தெரிவாகவே நிலைக்காது.

இணைப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏய்ப்புப் பிரச்சினை அதில் தீர்ந்துவிடும், ஏனென்றால் முதலாளி ஒருவர்தான். ஆனால் சலான்ட், சுவிட்சர், ரெனால்ட்ஸ் ஆகியோர் 1983இல் காட்டிய விசித்திரம் ஒன்று இருக்கிறது. இத்தகைய சந்தையில் கடைகளில் 80 வீதத்துக்குக் குறைவானவை இணைந்தால் இணைந்தவர்களுக்கே நட்டம். நம் கணக்கில் இருவர் இணைந்தால் 2 இலட்சமாக இருந்தது 1.44 ஆகிறது, மூவர் இணைந்தால் 3 இலட்சம் 2.25 ஆகிறது, நால்வர் இணைந்தால் சரிக்குச் சரி. களஞ்சியம், கணக்காளர், லொறி போன்றவற்றில் மிச்சம் வந்தால் இந்த முடிவு மாறும். தந்தை தொடங்கிய கடையின் பெயர்ப் பலகையை இறக்கச் சம்மதிக்கும் ஐந்து குடும்பங்களைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கடினம்.

கொள்முதலில் கூடுவதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். அரைக் கொள்கலனுக்கும் முழுக் கொள்கலனுக்கும் கட்டண வேறுபாடு, ஏற்றுமதியாளரிடம் பேரம், வங்கிக் கட்டணம், சுங்க அனுமதிச் செலவு, துறைமுகத் தாமதக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து, கூட்டில் ஒருவர் கூடும்போதெல்லாம் ஒவ்வொருவருக்கும் கிலோவுக்கு ஒரு ரூபா மிச்சம் என்று கொள்வோம். ஐவரும் சேர்ந்தால் தலைக்கு 4 ரூபா மிச்சம். விற்பனை பழையபடி போட்டிதான். கணக்குப் போட்டால் ஒவ்வொருவருக்கும் வாரம் 1.14 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வரும்.

1.8 இலட்சத்துக்குப் பக்கத்தில் இது சிறிய தொகைதான். ஆனால் வெளியே இருப்பவரைப் பாருங்கள். ஒருவர் விலகி மீதி நால்வர் தொடர்ந்தால், நால்வருக்கும் தலைக்கு 1.21 இலட்சம், விலகியவருக்கு 64 ஆயிரம். கார்ட்டெலில் 4 இலட்சம் தூக்கிக்கொண்டு போனவர் இங்கே 64 ஆயிரத்தில் நிற்கிறார். அவர் போனதும் கூட்டே கலைந்துவிடும் என்று வைத்தாலும் அவருக்கு 1 இலட்சம்தான், உள்ளே இருந்ததைவிடக் குறைவு. ஹார்ட்டும் குர்ஸும் கேட்ட கேள்விக்கு எந்தப் பதிலை வைத்தாலும் முடிவு ஒன்றே: எவரும் விலகமாட்டார். மற்றவர்களின் கோபத்தை நம்பத் தேவையில்லை, ஏய்ப்பைத் துப்புத் துலக்கத் தேவையில்லை. விலையை உயர்த்தும் கூட்டு தன் பலனை வெளியாருக்கும் கொட்டுகிறது. செலவைக் குறைக்கும் கூட்டு பலனை உள்ளேயே வைத்திருந்து வெளியாரை நெருக்குகிறது. கூட்டணிக் கோட்பாட்டில் கடந்த நாற்பது ஆண்டுகளில் வந்தவற்றுள் வியாபாரிக்கு மிகப் பயன்படும் வேறுபாடு இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

வாங்குபவருக்கும் இதில் பங்குண்டு. ஐவரின் செலவும் 4 ரூபா இறங்கும்போது சந்தை விலை கிலோவுக்கு 3 ரூபா 33 சதம் இறங்குகிறது.

இந்தக் கூட்டின் ஆபத்து வாசலில் இருக்கிறது. நால்வராக இருக்கும்போது 1.21, ஐந்தாமவரைச் சேர்த்தால் 1.14. ஆகவே நால்வர் சேர்ந்ததும் கதவைச் சாத்தத் தோன்றும். 1995இல் பிரான்சிஸ் புளோக் கண்ட முடிவும் அதுவே: ஒருவர் பின் ஒருவராகக் கூட்டு அமைத்தால் ஏறத்தாழ முக்கால்வாசிக் கடைகள் ஓர் அணியாகும், எஞ்சியவை வேறு அணியாகும். ஐந்து கடைக்கு அந்த எண் நான்கு. மூவரோடு நிறுத்தினாலும் 1.21 கிடைக்குமே என்றால், வெளியே விடப்பட்ட இருவரும் தங்களுக்குள் கூடிவிடுவார்கள், தொகை 1.14க்கு இறங்கும். விரும்பியவர் எவரும் சேரலாம் என்று விதி வைத்தால் ஐவரும் உள்ளே வருவார்கள் என்று 1997இல் யீ காட்டினார். நான் திறந்த கதவையே பரிந்துரைக்கிறேன். வெளியே தள்ளப்பட்ட ஒருவர் நாளை பெரிய இறக்குமதிக் கம்பனி ஒன்றின் முகவராகப் போனால், அணியைவிட மலிவான சரக்கோடு அதே தெருவுக்குத் திரும்பி வருவார். அதற்கு முன் தலைக்கு 7 ஆயிரத்தை விட்டுக்கொடுப்பது மேல்.

கடைகள் ஒரே அளவில் இராதபோது செலவைப் பிரிப்பதில்தான் அதிகமான கூட்டுகள் உடைகின்றன. ஒருவர் தனியே இறக்கினால் 200 ஆயிரம் ரூபா, இன்னொரு சிறியவர் தனியே இறக்கினால் 150 ஆயிரம், சேர்ந்து ஒரே கொள்கலனில் இறக்கினால் 250 ஆயிரம் என்று வையுங்கள். பெரியவரின் சரக்கு 80 வீதம். நிறைப்படி பிரித்தால் பெரியவர் 200, சிறியவர் 50 கட்டுவார்கள். பார்க்க நியாயமாக இருக்கும். பெரியவருக்கு ஒரு சதமும் மிச்சமில்லை, அடுத்த முறை அவர் வரமாட்டார். 1953இல் ஷாப்லி தந்த முறையில், ஒருவர் சேர்வதால் என்ன மிச்சமாகிறது என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும். மிச்சமான 100 ஆயிரமும் சமமாகப் போகும்: பெரியவர் 150, சிறியவர் 100. நிறையை மட்டும் வைத்துப் பிரிக்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிட வேண்டும்.

நகரத்தார் செட்டியார் தெருவில் வட்டித் தொழில் செய்த காலத்து ஏற்பாடு இங்கே நினைவுக்கு வருகிறது. தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்குக் கூடிப் பேசி நடப்பு வட்டி நிர்ணயிப்பது அவர்கள் வழக்கம். அது விலைப் பேச்சுத்தானே என்று கேட்கலாம். ஆனால் அந்த வட்டிக்குப் பணம் கிடைப்பது வட்டத்துக்குள் இருப்பவருக்கு மட்டும். நம்பிக்கை கெட்டவருக்கு அந்தக் கடன் இல்லை, கடன் இல்லாமல் தொழில் இல்லை. வெளியேறுபவர் இழக்கும்படி அமைந்திருந்ததே அதன் பலம் என்று நான் வாசிக்கிறேன்.

ஆகவே என் தீர்ப்பு கொள்முதல் கூட்டுக்கே, இரண்டு கட்டுப்பாடுகளுடன். முதலாவது, கூட்டு எவருக்கும் அளவு ஒதுக்கக்கூடாது. ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய தொன்னை எழுதி, ஐந்து கடைகளையும் சேராத ஒரு முகாமையாளரிடம் கொடுக்க வேண்டும்; அவர் மொத்தத்தை மட்டும் வெளியிட வேண்டும். அளவை ஒதுக்கத் தொடங்கிய நாளில் அது தலைக்கு 6 தொன் என்ற பழைய கார்ட்டெலாகிவிடும், அதன் நோய்களும் கூடவே வரும். விற்பனை விலையும் தவணையும் அந்த மேசையில் பேசப்படவே கூடாது. இரண்டாவது, வெளியேறும் விதியைச் சேரும் நாளிலேயே எழுதிவிட வேண்டும்: எத்தனை நாள் முன்னறிவித்தல், கடலில் இருக்கும் சரக்குக்கு யார் பொறுப்பு, வங்கிப் பிணைக்காக வைத்த முற்பணம் எப்போது திரும்பும். இந்த ஒப்பந்தத்தைச் சட்டத்தரணியிடம் காட்டி முத்திரையிட்டு வைக்கலாம். ஐவரில் மூவர் இன்று தயாராக இருந்தால் மூவரோடு தொடங்கலாம்; மற்ற இருவருக்கான இடத்தையும் அவர்கள் கட்ட வேண்டிய தொகையையும் அதே ஒப்பந்தத்தில் எழுதி, ஒரு பிரதியை அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும்.